டிசைன் கண் உள்ளவர்களுக்கு என்ன பரிசு வாங்குவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக கிராஃபிக் டிசைன் வேலை செய்கிறேன். தங்கை ஆர்க்கிடெக்ட். அவள் கணவர் மேசை நாற்காலிகள் வடிவமைப்பவர். அதனால் எங்கள் மூவரில் யாருக்காவது பிறந்தநாள், கல்யாண நாள் என்று வந்தால் உறவுக்காரர்கள் திணறிப்போவார்கள். "உங்களுக்கு எது வாங்கினாலும் பிடிக்குமான்னு தெரியலையே" என்று நேரடியாகவே சொல்லிவிடுவார்கள். அப்புறம் அவர்களுடைய நண்பர்களில் ஒரு டிசைனர் இருந்தாலும் எனக்குத்தான் போன் வரும். அப்படித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும், நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

டிசைன் துறையில் இருப்பவர்களுக்குப் பரிசு வாங்குவது ஏன் இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது?

அவர்கள் பொருளைக் கையால் பார்ப்பவர்கள். ஒரு கப்பைக் கொடுத்தால் முதலில் கைப்பிடிக்குள் விரல் நுழைகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு கவிழ்த்து அடிப்பாகத்தைப் பார்ப்பார்கள். இது திமிர் இல்லை, தொழில் பழக்கம். துணிக்கடைக்காரர் எந்தச் சட்டையைக் கண்டாலும் துணியை விரலில் தேய்த்துப் பார்ப்பதைப் போல.

கிஃப்ட் கடைகளில் இருக்கும் பெரும்பாலான பொருட்கள், கவரைப் பிரிக்கும் அந்த ஒரு நிமிடத்துக்காகச் செய்யப்பட்டவை. அந்த நிமிடம் முடிந்ததும் அவை ஷோகேஸுக்குப் போகும், அங்கிருந்து பரணுக்கு. டிசைனர் வீட்டில் இந்தப் பயணம் இன்னும் சீக்கிரம் முடிந்துவிடும்.

நான் எல்லாருக்கும் சொல்வது ஒன்றுதான்: சின்னப் பொருளாக இருக்கட்டும், ஆனால் அந்த வகையிலேயே மிக நல்லதாக இருக்கட்டும். 3,000 ரூபாய் இருக்கிறது என்றால் சுமாரான ஒரு டேபிள் லாம்ப் வேண்டாம். அந்தப் பணத்தில் அருமையான பேனா வாங்கலாம், ஆயுளுக்கும் உழைக்கும் கத்தரிக்கோல் வாங்கலாம். தினமும் கையில் எடுக்கும் பொருளாக இருந்தால் கொடுத்தவரின் நினைவும் தினமும் வரும்.

நல்ல டிசைன் என்று கடையில் எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்கு அந்தக் கண் இல்லையே.

கண் எல்லாருக்கும் இருக்கிறது. கேட்க வேண்டிய கேள்விகள்தான் தெரியவில்லை.

1958-இல் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் தம்பதி, இந்திய அரசின் அழைப்பில் வந்து நாட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஓர் அறிக்கை கொடுத்தார்கள். 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தொடங்கியதற்கு அந்த அறிக்கை ஒரு முக்கியக் காரணம். இங்கே பார்த்த பொருட்களிலேயே அவர்களை மிகவும் கவர்ந்தது லோட்டா. நம் ஊர்ச் சொம்புதான். அதை முன்னால் வைத்துக்கொண்டு வரிசையாகக் கேள்வி கேட்கிறார்கள். எவ்வளவு தண்ணீர் பிடிக்கும்? இடுப்பிலோ தலையிலோ வைத்தால் எப்படி நிற்கும்? ஊற்றும்போது தண்ணீர் எப்படி விழும்? வாய்க்குள் கை விட்டுக் கழுவ முடியுமா? சூடான பொருளை ஊற்றினால் கை தாங்குமா? தட்டினால் என்ன சத்தம் வரும்? வெயில் பட்டால் எப்படித் தெரியும்? கடைசியில் அதை வைத்திருப்பதும் விற்பதும் இன்னொருவருக்குக் கொடுப்பதும் எப்படி இருக்கும் என்றுகூடக் கேட்கிறார்கள். எந்தத் தனி மனிதரும் சொம்பை வடிவமைக்கவில்லை, பல தலைமுறைகள் சேர்ந்து செதுக்கிய வடிவம் அது என்பது அவர்கள் முடிவு.

இதே கேள்விகளோடு ஒரு டபரா செட்டை எடுத்துப் பாருங்கள். டம்ளரின் விளிம்பு வெளிப்பக்கமாக மடங்கியிருக்கும். கொதிக்கக் கொதிக்கக் காபி ஊற்றினால் டம்ளரின் உடம்பைத் தொட முடியாது, விளிம்பைத் தொட முடியும். இரண்டு விரல் அங்கேதான் போய் நிற்கும். அண்ணாந்து குடிப்பவர்களுக்குக் காபி வழியாமல் ஒரே தாரையாக விழுவதும் அந்த மடிப்பால்தான். டபராவின் வாய் ஏன் அகலம்? ஆற்றும்போது காபி பரந்து விழுந்தால்தான் சீக்கிரம் சூடு குறையும், நுரையும் கட்டும். ஆற்றி முடித்த பிறகு அதே டபரா சிந்துவதைப் பிடிக்கும் தட்டாகிவிடுகிறது. ஒரு பொருள், மூன்று வேலை. ஆனால் எல்லா டபரா செட்டும் நல்லது என்று சொல்ல மாட்டேன். கடையில் விளிம்பின் உள்பக்கம் விரலை ஓட்டிப் பாருங்கள். சரியாகச் சுருட்டாமல் வெட்டிய தகடு மாதிரி இருந்தால் உதட்டைக் கீறும், மடிப்புக்குள் அழுக்கும் சேரும். அதை வாங்காதீர்கள். கனமான அடிப்பாகம், உருண்டு மூடிய விளிம்பு உள்ளதைத் தேடுங்கள்.

எந்தக் கடையிலும் இதையே செய்யலாம். கையில் எடுங்கள். மூடி இருந்தால் பத்துத் தடவை திறந்து மூடுங்கள். எங்கே அழுக்கு சேரும் என்று யோசியுங்கள். உடைந்தால் சரி செய்ய முடியுமா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பிளாஸ்டிக்கின் மேல் மரம் மாதிரி படம் ஒட்டியிருந்தால் அப்படியே திருப்பி வைத்துவிடுங்கள். தான் எதனால் செய்யப்பட்டது என்பதை மறைக்கும் பொருளை டிசைனர்கள் யாரும் விரும்பி நான் பார்த்ததில்லை.

500 ரூபாய்க்குள் ஏதாவது?

தாராளமாக இருக்கிறது. ஒரு டஜன் நல்ல பென்சிலும் பித்தளை ஷார்ப்னரும். ஆர்க்கிடெக்ட் என்றால் 15 சென்டிமீட்டர் ஸ்டீல் ஸ்கேல், எண்கள் அச்சடிக்காமல் பொறித்ததாகப் பார்த்து. கனமான எவர்சில்வர் டபரா செட் ஒன்று. பனையோலையில் பின்னிய சின்னக் கூடை, கொட்டான் என்பார்கள், ஒன்று. இந்தத் தொகையில் "டிசைனர்" என்று லேபிள் ஒட்டிய எதையும் தேடாதீர்கள். பாத்திரக் கடை, ஸ்டேஷனரி கடை, ஹார்டுவேர் கடை மூன்றையும் சுற்றினாலே போதும். தங்கைக்கு ஒருமுறை கொத்தனார்கள் பிடிக்கும் பித்தளைத் தூக்குக்குண்டு வாங்கிக் கொடுத்தேன். எட்டு ஆண்டாக அவள் ஆபீஸ் ஜன்னலில் தொங்குகிறது. சைட்டுக்குப் போகும்போது கழற்றிக்கொண்டும் போகிறாள்.

கிராஃபிக் டிசைனர், எழுத்துப் பிரியர் போன்றவர்களுக்கு என்ன கொடுக்கலாம்?

என் துறை என்பதால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

முதலில் பேனா. ஜெர்மனியின் லாமி சஃபாரி 1980-இல் பள்ளி மாணவர்களை மனதில் வைத்துச் செய்தது. பிடிக்கும் இடத்தில் விரலுக்கு இரண்டு சரிவு இருக்கும், பேனா தானாகவே சரியான கோணத்தில் உட்காரும். இங்க் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க உடம்பிலேயே ஒரு சின்ன ஜன்னல். கம்பியை வளைத்துச் செய்த பெரிய கிளிப், ஜீன்ஸ் பாக்கெட்டிலும் மாட்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கிறது, அந்தக் காரணம் கண்ணுக்குத் தெரியவும் செய்கிறது. நம் பக்கமே வேண்டும் என்றால் திருவள்ளூரில் ரங்கா பேனாக்காரர்கள் எபோனைட் என்ற கெட்டி ரப்பரைக் கையால் கடைந்து செய்கிறார்கள். கையில் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் உடம்புச் சூடு ஏறி இதமாக இருக்கும் பொருள் அது.

எந்தப் பேனா வாங்கினாலும் ஒரு விஷயம்: பரிசைப் பெறப்போகிறவர் தமிழில் எழுதுபவர் என்றால் ஃபைன் அல்லது எக்ஸ்ட்ரா ஃபைன் நிப் கேளுங்கள். கடையில் மீடியம் நிப்பைத்தான் முதலில் நீட்டுவார்கள். "ணி", "ஐ", "ஞ" எழுதிப் பாருங்கள், சுழிகள் எல்லாம் மையில் அடைத்துப்போகும். ஆங்கிலத்துக்குச் சரியாக இருக்கும் தடிமன் நம் எழுத்துக்கு ஒத்துவராது.

அடுத்து, பழைய அச்சகங்களின் மர எழுத்துகள். போஸ்டரில் பெரிய தலைப்பு அச்சடிக்க மரத்தில் செதுக்கிய எழுத்துகளைத்தான் அந்தக் காலத்தில் பயன்படுத்தினார்கள். பெரிய ஈய எழுத்து கனமாகவும் விலை அதிகமாகவும் இருக்கும். அச்சகங்கள் எழுத்துக் கோக்காத ஆஃப்செட் அச்சு முறைக்கு மாறியபோது இவை மூட்டையாகப் பழைய சாமான் கடைக்குப் போய்விட்டன. கூட வேலை பார்த்த நண்பர் ஒருவர் எனக்கு அப்படி ஒரு "ழ" கொண்டுவந்து கொடுத்தார். உள்ளங்கை அளவு. அச்சு எழுத்து என்பதால் இடவலம் மாறியிருக்கும். மர ரேகைக்குள் கறுப்பு மை இறங்கி ஊறியிருக்கிறது, எவ்வளவு துடைத்தாலும் போகாது. கீழ்ச் சுழியின் ஓரத்தில் உளி ஒரு நூல் அளவு வழுக்கியிருக்கிறது. எந்த எழுத்துருவிலும் இல்லாத வளைவு அது. செதுக்கியவர் பெயர் யாருக்கும் தெரியாது. எனக்கு வந்த பரிசுகளில் நான் அதிகம் கையில் எடுத்துப் பார்ப்பது அதைத்தான். பெயரின் முதல் எழுத்து கிடைத்தால் அதைக் கொடுங்கள், இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

சென்னையில் தாரா புக்ஸ் கையால் செய்த காகிதத்தில் கையாலேயே சில்க் ஸ்கிரீன் முறையில் அச்சடித்துத் தைக்கும் புத்தகங்களும் இருக்கின்றன. பக்கத்தைத் தடவினால் மை மேடாகத் தட்டுப்படும். படிப்பதைவிடத் தொட்டுப் பார்ப்பதற்கே வாங்கும் ஆட்கள் உண்டு.

புதுமனை புகுவிழாவுக்குக் குத்துவிளக்கு கொடுக்கலாமா? எல்லாரும் அதையே கொடுப்பார்களே.

முதலில் வீட்டுக்காரரிடமோ அவர்கள் அம்மாவிடமோ கேட்டுவிடுங்கள். ஏற்கெனவே நான்கு இருந்தால் வேண்டாம். இல்லை என்றால், நல்ல குத்துவிளக்கை விடச் சிறந்த பரிசு எனக்குத் தோன்றவில்லை.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் உள்ள நாச்சியார்கோவில் விளக்குக்குப் புவிசார் குறியீடு உண்டு. காவிரிக் கரை வண்டல் மண்ணில் அச்சு எடுத்து வார்ப்பார்கள். விளக்கைக் கழற்றிப் பாருங்கள்: அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, மேலே அன்னம் என்று தனித்தனியாகத் திருகு வைத்து இணைத்திருப்பார்கள். கழற்றிப் புளி போட்டுத் தேய்க்கலாம், வெளியூருக்குச் சின்ன பெட்டியில் கொண்டுபோகலாம், ஒரு பாகம் கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். இன்றைக்கு இதையெல்லாம் பெரிய விஷயமாகப் பேசுகிறோம். அந்த விளக்கில் எப்போதோ இருந்திருக்கிறது.

வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். சமதளத்தில் வைத்து மேல் முனையை லேசாகத் தட்டினால் ஆடிவிட்டு உடனே நிற்க வேண்டும். திருகு சிக்காமல் சுற்ற வேண்டும். ஐந்து முகமும் ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய் ஒரு பக்கம் வழியும். பூ வேலை அதிகம் உள்ளதைவிடத் தண்டில் வளையங்கள் மட்டும் உள்ள சாதா விளக்கு டிசைனர்களுக்கு இன்னும் பிடிக்கும். தேய்க்கவும் சுலபம்.

கல்யாணப் பரிசு?

பட்டமடைப் பாய். யோசிக்காமல் சொல்வேன்.

திருநெல்வேலி மாவட்டத்தில் இருக்கிறது பட்டமடை. தாமிரபரணிக் கரையில் வளரும் கோரையை வெட்டி, காயவைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு, உள்ளே இருக்கும் சோற்றை நீக்கி, மெல்லிய இழைகளாகக் கிழித்து, பருத்தி நூல் பாவில் கையால் நெய்கிறார்கள். கோரையை எவ்வளவு மெலிதாகக் கிழிக்கிறார்களோ அவ்வளவு நயம். நயமான பாயை வேட்டி மாதிரி மடிக்கலாம். அதனால்தான் பட்டுப் பாய் என்ற பெயர். அதற்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது.

மணமக்கள் பெயரையும் கல்யாணத் தேதியையும் பாயிலேயே நெய்து தருவது அந்த ஊர் வழக்கம். இங்கே ஒரு வேண்டுகோள். பெயரைச் சாயத்தில் பெரிதாகப் போடச் சொல்லாமல், ஓரத்தில் சிறியதாக, இரண்டே நிறத்தில் நெய்யச் சொல்லுங்கள். கோரையின் சொந்த நிறமே அவ்வளவு அழகு. ஆர்டர் கொடுக்க ஒன்றிரண்டு மாதம் முன்னாலேயே போங்கள், நயமான பாய் வாரக்கணக்கில் தறியில் இருக்கும். விசைத்தறியில் நெய்த பாயையும் அதே பெயரில் விற்கிறார்கள். மடித்துப் பாருங்கள். மடிப்பில் நொறுங்கும் சத்தம் வந்தால் அது நீங்கள் தேடிய பாய் இல்லை.

ஏசி வந்த பிறகு பாய் எதற்கு என்று ஒரு சித்தப்பா கேட்டார். கொடுத்த வீட்டில் போய்ப் பார்த்தேன். குழந்தை பிறந்த பிறகு நாள் முழுக்க அந்தப் பாய்தான் தரையில் விரிந்து கிடக்கிறது.

நண்பர் மினிமலிஸ்ட். வீட்டில் புதிதாக எதையும் சேர்க்க மாட்டேன் என்கிறார்.

அப்படியானால் சேர்க்காதீர்கள். தீர்ந்துபோகும் பொருள் கொடுங்கள்: அன்றைக்கு வறுத்து அரைத்த காபிப்பொடி, உடன்குடிப் பனங்கருப்பட்டி, ஒரு பாட்டில் நல்ல இங்க்.

அல்லது, இருப்பதைப் பழுது பார்த்துக் கொடுங்கள். தங்கைக்கு நாற்பது வயது ஆனபோது நானும் மச்சானும் சேர்ந்து தாத்தாவின் பிரம்பு நாற்காலியை எடுத்துப்போய்ப் புதிதாகப் பின்னச் சொன்னோம். இருக்கை கிழிந்து பத்து வருடமாக மொட்டை மாடி அறையில் கிடந்தது. பின்னுபவர் எங்கள் தெருவுக்கே வந்து, ஈரப் பிரம்பை மடியில் சுற்றிப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்து பின்னினார். முதலில் நெடுக்கு, அடுத்தது குறுக்கு, கடைசியாக மூலைவாட்டு. மூலைவாட்டு இழை நுழைந்ததும்தான் எண்கோணக் கண்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. காய்ந்ததும் பிரம்பு சுருங்கி இருக்கை மேளம் மாதிரி விறைத்துக்கொண்டது. வீட்டில் ஒரு பொருள்கூட அதிகமாகவில்லை. அவள் அதில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

சமையலில் ஆர்வம் உள்ளவருக்கு?

பழக்கிய பாத்திரம் கொடுங்கள். இரும்புத் தோசைக்கல்லோ கல்சட்டியோ புதிதாக வாங்கினால் உடனே சமைக்க முடியாது. தோசைக்கல்லை நல்லெண்ணெய் தடவிச் சூடாக்கி, வெங்காயம் தேய்த்து, நாலைந்து நாள் பழக்க வேண்டும். மாக்கல்லில் செய்த கல்சட்டி என்றால் இன்னும் பொறுமை வேண்டும். எண்ணெயும் மஞ்சளும் தடவி ஊறவிட்டு, சூடான சாதம் வடித்த கஞ்சியை நாள்தோறும் ஊற்றி ஊற்றி, ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். பாதிப் பேர் வாங்கி, அவசரப்பட்டு அடுப்பில் வைத்து, விரிசல் விட்ட பிறகு தூக்கிப் போடுகிறார்கள். அந்த வாரத்தை நீங்கள் செலவழித்து, கறுத்து மினுங்கும் சட்டியைக் கொடுத்தால் அதற்கு ஈடு இல்லை. அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் வத்தக்குழம்பு அதில் கொதித்துக்கொண்டிருப்பதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

வெளிநாட்டு டிசைன் பொருட்களில் நம் வீட்டுக்கு எது ஒத்துவரும்?

எல்லாப் புகழ்பெற்ற பொருளும் நம் வீட்டில் உழைக்காது. வாங்கும் முன் அவர்கள் அடுப்பு என்ன, மேசை என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இத்தாலியின் பியாலெட்டி மோக்கா, அடுப்பில் வைத்துக் காபி போடும் பாத்திரம், 1933-லிருந்து கிட்டத்தட்ட அதே எண்கோண வடிவத்தில் வருகிறது. காபிப் பிரியர்களுக்கு அருமையான பரிசு. ஆனால் அசல் மோக்கா அலுமினியம், இண்டக்ஷன் அடுப்பில் வேலை செய்யாது. நம் கேஸ் அடுப்பின் தாங்கி அகலமாக இருந்தால் சின்ன மோக்கா கவிழும், மேலே வைக்க ஒரு சின்ன வலைத்தட்டும் சேர்த்து வாங்குங்கள்.

ஆங்கிள்பாய்ஸ் விளக்கு 1932-இல் ஜார்ஜ் கார்வர்டைன் என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்தது. கார் சஸ்பென்ஷன் வேலை செய்தவர், அந்த ஸ்பிரிங் அறிவை விளக்குக்குக் கொண்டுவந்தார். விரலால் தள்ளினால் நகரும், விட்ட இடத்தில் நிற்கும். வேலை மேசையில் உட்காரும் யாருக்கும் பிடிக்கும். ஆனால் விலை அதிகம், நாலைந்து பேர் சேர்ந்து கொடுப்பதற்கு ஏற்றது. மலிவான நகல் ஒன்றை ஒருமுறை ஆன்லைனில் வாங்கி மச்சானுக்குக் கொடுத்தேன். மூன்றாவது மாதம் மூட்டு தளர்ந்து, வரைபடத்தின் மேலேயே தலை சாய்ந்துவிட்டது.

ஆரஞ்சுக் கைப்பிடி ஃபிஸ்கர்ஸ் கத்தரிக்கோலும் நல்ல தேர்வு. 1967-இல் ஃபின்லாந்தில் வந்தது. ஜூஸ் பிழியும் கருவிக்கு வாங்கிய ஆரஞ்சு பிளாஸ்டிக் இயந்திரத்தில் மிச்சம் இருந்ததால் மாதிரிக் கத்தரிக்கோல் அந்த நிறத்தில் விழுந்தது, அதுவே நிலைத்துவிட்டது. இடக்கைக்காரர் என்றால் இடக்கைக் கத்தரிக்கோல் என்று கேட்டு வாங்குங்கள். வாழ்நாள் முழுக்க வலக்கைக் கத்தரியோடு மல்லுக்கட்டியவருக்கு அது பெரிய சந்தோஷம்.

பிலிப் ஸ்டார்க் வடிவமைத்து அலெஸ்ஸி 1990-லிருந்து விற்கும், மூன்று கால் சிலந்தி மாதிரியான எலுமிச்சை பிழிவானைப் பலர் கேட்கிறார்கள். அழகான சிற்பம். ஆனால் வடிகட்டி இல்லாததால் கொட்டையும் சேர்ந்தே விழும். எலுமிச்சைச் சாதம் அடிக்கடி செய்யும் வீட்டுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கத்தி, கத்தரிக்கோல் பரிசாகக் கொடுக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்கிறார்களே?

உறவு வெட்டிப்போகும் என்பார்கள். பரிசைப் பெறுபவரின் வீட்டில் அந்த நம்பிக்கை இருந்தால் மதியுங்கள், வேறு பொருளா இல்லை? கொடுத்தே ஆக வேண்டும் என்றால் ஒரு ரூபாய் வாங்கிக்கொண்டு கொடுங்கள். அப்போது அது விற்பனை ஆகிவிடுகிறது. எங்கள் அத்தை இதைத்தான் செய்யச் சொன்னார், அந்த ஒரு ரூபாயையும் அவரே எடுத்துக் கொடுத்தார்.

வாட்ச்?

தினமும் கட்டுபவர் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும். ஓசூரில் பிறந்த டைட்டன் எட்ஜ் 2002-இல் வந்தபோது மொத்தத் தடிமனே 3.5 மில்லிமீட்டர். சட்டைக் கைக்குள் சத்தமில்லாமல் நுழையும் அந்த முதல் மாதிரிகள் இன்றைக்கும் எனக்குப் பிடிக்கும்.

புகழ்பெற்ற நாற்காலியின் நகல் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கிக் கொடுக்கலாமா?

வேண்டாம். பார்த்த உடனே அவருக்குத் தெரிந்துவிடும், ஆனால் உங்களிடம் சொல்ல மாட்டார். இன்னொருவர் உழைப்பைத் திருடிய பொருளோடு தினமும் உட்கார வேண்டிய சங்கடத்தை அவருக்கு ஏன் கொடுக்க வேண்டும்? அதே பணத்துக்கு நம் ஊர்த் தச்சர் செய்த நல்ல முக்காலி வரும். இல்லை என்றால் பவானி ஜமக்காளம் ஒன்று, கைத்தறி முத்திரை பார்த்து.

குழந்தைகளுக்கு? அப்பா அம்மா இருவருமே டிசைனர்கள்.

அம்பாசமுத்திரம் மரச் சொப்புச் சாமான். கடைசலில் திருப்பும்போதே அரக்குச் சாயம் ஏற்றியது, கைக்கு வழவழவென்று இருக்கும். இன்னொன்று தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை. களிமண் எடை எல்லாம் அடியில், மேல் பாகம் காகிதக் கூழ், அடிப்பாகம் உருண்டை. சாய்த்தால் எழுந்துவிடும். ஏன் எழுகிறது என்று குழந்தை ஒருநாள் கேட்கும். அந்தக் கேள்விக்காகவே வாங்கலாம். மிகச் சின்னக் குழந்தை என்றால் பெயிண்ட் வாயில் போகும், கொஞ்சம் வளர்ந்த பிறகு கொடுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் உறவினருக்கு அனுப்ப?

எடை குறைவாக, உடையாததாக. நீலகிரித் தோடர் எம்பிராய்டரி சால்வை நல்ல தேர்வு. வெள்ளைத் துணியில் கறுப்பும் சிவப்பும், இழைகளை எண்ணித் தைத்தது, பின்பக்கமும் பார்க்க நேர்த்தியாக இருக்கும். ஆஸ்திரேலியாவுக்குப் பாய், ஓலை, மரம் எது போனாலும் விமான நிலையத்தில் கட்டாயம் சொல்லித்தான் கொண்டுபோக வேண்டும். பூச்சியோ விதையோ இருந்தால் பிடுங்கிக்கொள்வார்கள். கொண்டுபோகிறவரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், கோரைப் பாய் குப்பைத் தொட்டிக்குப் போகும் வேதனை வேண்டாம்.

பணமாகக் கொடுத்தால் தப்பா?

தப்பே இல்லை, மொய் நம் வழக்கம்தானே. 1,001 வைத்து, கவரில் கையால் நான்கு வரி எழுதுங்கள். பளபளக்கும் பிள்ளையார் கவரைவிட, நீங்களே மடித்த பழுப்புக் காகித உறை நன்றாக இருக்கும்.

எப்படிப் பேக் செய்வது?

ஜிகினாப் பேப்பரும் செலோடேப்பும் வேண்டாம். செட்டிநாட்டுப் பக்கம் விசேஷங்களில் பலகாரம் வைத்துக் கொடுக்கும் கொட்டான் இருக்கிறது. சாயம் ஏற்றிய பனையோலையில் பின்னியது, அடி சதுரம், வாய் வட்டம். சதுரம் எந்த இடத்தில் வட்டமாக மாறுகிறது என்று கண்ணால் தேடினால் பிடிபடாது. மறைந்துகொண்டிருந்த அந்தக் கலையை விசாலாட்சி ராமசாமியின் எம்.ஆர்.எம்.ஆர்.எம். பண்பாட்டு அறக்கட்டளை மீட்டெடுத்தது. பரிசை அதற்குள் வைத்துக் கொடுத்தால் பெட்டியும் வீட்டில் தங்கும். பெரிய பொருளானால் மஞ்சப்பை போதும். புதிதாக வாங்கி, துவைத்து, இஸ்திரி போட்டு, எந்தக் கடைப் பெயரும் இல்லாமல்.

கொடுத்தது அவருக்குப் பிடிக்கவில்லை என்றால்?

பில்லை உள்ளேயே வைத்துவிடுங்கள். "மாத்திக்கலாம், வேற யாருக்காவது கொடுத்தாலும் எனக்கு வருத்தம் இல்ல" என்று வாயால் சொல்லிவிடுங்கள். அடுத்த தடவை அவர் வீட்டுக்குப் போகும்போது அந்தப் பொருளைக் கண்ணால் தேடாதீர்கள்.

என் அம்மா டிசைனர் இல்லை. ஆனால் எதிலும் ஒரு நேர்த்தி பார்ப்பார். அவருக்கு என்ன வாங்குவது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. நம் வீடுகளில் டிசைன் கண் முதலில் அம்மாக்களிடம்தான் இருந்தது. புடவைக்கு பார்டர் தேர்ந்தெடுப்பதில், அஞ்சறைப் பெட்டியை அடுக்குவதில், பதினைந்து புள்ளியில் தொடங்கி ஒரு கோடும் அறுந்துபோகாமல் கோலத்தை முடிப்பதில்.

என் அம்மாவுக்குப் பல ஆண்டு புடவையே வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மூன்று வருடம் முன்னால், நான் ஆபீஸில் பயன்படுத்தும் புள்ளி போட்ட ஸ்கெட்ச் நோட்டு ஒன்றையும் மென்மையான 2பி பென்சில் இரண்டையும் வாங்கிக் கொடுத்தேன். லேஅவுட் வரைவதற்காக ஐந்து மில்லிமீட்டர் இடைவெளியில் வெளிர் சாம்பல் புள்ளிகள் அச்சடித்த நோட்டு. அம்மா முதல் பக்கத்தைத் திறந்து, புள்ளிகளை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது கோலத்துக்குன்னே போட்டதா?" என்று கேட்டார். இப்போது மூன்றாவது நோட்டு ஓடுகிறது. மார்கழிக்கு முப்பது கோலமும் கார்த்திகையிலேயே தயாராகிவிடுகிறது, ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் தேதியும் புள்ளிக் கணக்கும் எழுதி.